வெள்ளையடிப்பதற்கு முன்னால்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டிற்கு வெள்ளையடிப்பது, தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் குடும்பத்தில் தவறாத வழக்கம். ஒட்டடை அடித்து, சுவரைத் தேய்த்து, சுண்ணாம்பு பூசி, திரு இருதய ஆண்டவரின் படத்தைத் துடைத்து மாட்டியபின் பார்த்தால் வீடு புதுப் பிறவி எடுத்ததுபோல் இருக்கும். அந்த வெள்ளைப் பூச்சே எங்கள் கண்களைக் கட்டிவிட்டது என்பதை நான் உணர்ந்தது 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில்தான்.

தூத்துக்குடியில், கடலிலிருந்து ஒரு கல் தொலைவில், 1984இல் தந்தையார் கட்டிய வீடு எங்களுடையது. நடு அறையில் குடும்ப செபமாலை நடக்கும். அம்மாவின் கட்டிலும் அங்கேதான் நெடுங்காலம் கிடந்தது. ஒரு நாள் அம்மா அதனை வாசற்பக்கச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். காற்றுக்காக என்று எண்ணினேன். காலியான இடத்தில் என் மகள் படிப்பதற்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டேன். "பிள்ளையை அங்கே உட்கார வைக்காதே ஐயா, ராத்திரியிலே மேலேயிருந்து மணல் உதிருது" என்று அம்மா சொன்னார்கள். ஒரு முறை அல்ல, மூன்று முறை சொன்னார்கள். மேலே பார்த்தேன். பழுப்பாய் ஒரு கோடு தெரிந்தது. விழாவிற்கு வெள்ளையடிக்கும்போது சரியாகிவிடும் என்றேன். அடித்தோம், கோடு மறைந்தது.

அந்த அக்டோபரின் ஒரு விடியற்காலை, பெருஞ்சத்தம் கேட்டு எழுந்தோம். ஒரு முழ நீளக் கான்கிரீட் பாளம் தளத்திலிருந்து பெயர்ந்து விழுந்து, நாற்காலியின் முதுகை முறித்திருந்தது. முந்தைய இரவு பத்து மணி வரையில் என் மகள் அதில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. நடுங்கும் கையால் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வயது முதிர்ந்த கொத்தனார் ஒருவர் வந்தார். நீண்ட மூங்கில் கழியால் தளம் முழுவதையும் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலித்தது. கெட்ட இடத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் 'பொத்' என்றது. அவ்வாறு ஒலித்த இடங்களுக்கெல்லாம் கரியால் வட்டமிட்டார். பன்னிரண்டு வட்டங்கள்! "தம்பி, கம்பி உள்ளே ஊதிப்போச்சு" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுகிறது. அந்த நெருக்குதலில் கான்கிரீட் கம்பியின் நெடுகிலும் வெடித்துப் பிளக்கிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஆனால் உப்பு உள்ளே புகுந்தால் அந்தக் காவல் அழிந்துபோகும். உப்புக்காற்று வீசும் ஊரில், எங்கள் கம்பிகளுக்குக் கீழே அரை அங்குலக் கான்கிரீட்டே இருந்தது. மேலே மொட்டைமாடியிலோ, தட்டோடுகளின் இணைப்புகள் பிளந்து, ஒரு மூலையில் மழைநீர் நாள்கணக்கில் தேங்கி நின்றது. மழைநீர்க் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. ஒரு கூடைச் சருகு!

மணல்மேல் வீடு கட்டியவனின் உவமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குக் கேடு என்றால் அஸ்திவாரத்தைத்தான் நினைத்தேன். மேலே ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை.

உளுத்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மெலிந்த இடங்களில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்பு பூசி, புதுக்கலவை வைத்து, பல நாள் நீர் தெளித்து ஈரம் காத்தார்கள். துருவின்மேல் சிமெண்டைப் பூசி மூடுவது வீண் வேலை. அந்தப் பூச்சும் சேர்ந்து விழும். மாடியில் பிளந்த ஓடுகளைப் பெயர்த்து, குழாய்வாயை நோக்கி வாட்டம் வைத்து மறுபடியும் பதித்தார்கள். என் மூன்று மாத ஊதியம் கரைந்தது. கோடு தோன்றிய ஆண்டிலேயே கவனித்திருந்தால் அதில் சிறு பங்கே ஆகியிருக்கும்.

அதன்பின் நான் பழக்கமாக்கிக்கொண்டதைச் சொல்கிறேன். செப்டம்பரில், பருவமழைக்கு முன்பே, ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் மாடிக்கு ஏறுகிறேன். சருகை அள்ளுகிறேன். கைப்பிடிச்சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அதனை ஒடித்தால் போதாது, வேர் மறுபடி தழைக்கும். பூச்சைக் கொத்தியேனும் வேரை எடுத்தாக வேண்டும். முதல் மழை விட்டதும் மறுபடி ஏறி, நீர் தேங்கும் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைக்கிறேன். வெயிலில் நின்று தேடினால் அந்தப் பள்ளம் கண்ணில் படாது.

சுவர் விரிசல்கள் எல்லாவற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மயிரிழை போன்றவை பூச்சு உலர்ந்ததால் வந்தவை. ஆனால் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவிற்கு அகன்றதும், செங்கல் வரிசைகளில் படிப்படியாக ஏறுவதும் பொறியாளரிடம் காட்ட வேண்டியவை. ஐயமான விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, தேதியை எழுதி வைக்கிறேன். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. கதவு நிலையின் அடியில் விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். கறையானின் மண்கோடு தென்பட்டால் அன்றே ஆளை அழைக்கிறேன். மின்பலகையில் உள்ள கசிவுக் காப்பு விசைக்குச் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தியதும் மின்சாரம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது வேலை செய்யாமல் எத்தனை ஆண்டு இருந்ததோ! இவையெல்லாம் முடிந்த பிறகே வெள்ளையடிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. எங்கள் தெரு ஆறாயிற்று; வாசலின் இரண்டாம் படிவரை நீர் ஏறியது. மின்சாரம் இல்லை. மெழுகுதிரி ஏற்றி நடு அறையில் செபமாலை சொன்னோம். மேலே பார்த்துப் பார்த்துச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு சொட்டும் விழவில்லை.

அம்மாவின் கட்டில் இன்னும் வாசற்பக்கச் சுவரோரத்திலேதான் இருக்கிறது. பழைய இடத்திற்கே வரலாமே என்று ஒருநாள் கேட்டேன். "இங்கே காத்து நல்லா வருது ஐயா" என்றார்கள். சற்று நேரம் கழித்து, "குழாய் வாயிலே சருகு விழுந்திருக்கும், ஏறிப் பார்த்தியா?" என்று கேட்டார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.