திருவள்ளூரில் பிறந்த ஜப்பான் கார்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் அந்த வெள்ளை மிட்சுபிஷி லான்சரைத் தெரியாதவர்கள் குறைவு. திருச்சி பெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், 2003-ல் புதிதாக வாங்கியது. அம்பாசிடரும் மாருதியும் ஓடிய காலத்தில், வாசலில் லான்சர் நின்றாலே 'பெரிய ஆபீஸர் வீடு' என்பார்கள்.

ஜப்பானில் 1995-ல் அறிமுகமான தலைமுறை இது. 1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், திருவள்ளூர் தொழிற்சாலையில் இதே காரைத் தயாரிக்க ஆரம்பித்தது. 1.5 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் இன்ஜின்களில் கிடைத்தது. லான்சரின் பந்தய வடிவமான இவல்யூஷனை ஓட்டித்தான் டாமி மாகினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 முறை உலக ராலி சாம்பியன் ஆனார்.

ஜப்பானில் 2000-லேயே அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அந்த 'சீடியா' இங்கே வந்தது 2006-ல்தான். அதுவரை பழசே நமக்குப் புதுசு! இன்று அதே திருவள்ளூர் ஆலையிலிருந்து சிட்ரோன் கார்கள் வெளிவருகின்றன.

தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருடம். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2018-ல் அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2023-ல் 5,000. இப்போது 20 வயது தாண்டிய காருக்கு 10,000.

"அடுத்த தடவை கட்டாதீங்கப்பா, வித்துடுங்க" என்கிறான் சென்னையில் இருக்கும் மகன்.

அவர் மசியவில்லை. உதிரிபாகம் கிடைக்காதபோது பழைய கார்களிலிருந்து கழற்றி வாங்கினார். 2022-ல் காவிரிப் பாலத்தைப் பராமரிப்புக்காக மூடியபோதும், பைபாஸ் வழியாகச் சுற்றி மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இந்தக் கார்தான்.

போன மாதம் தில்லைநகரில் பிசியோதெரபி முடிந்து வந்தவர், வாசலில் இறங்க முடியாமல் தடுமாறினார். சீட் ரொம்பத் தாழ்வு. இரண்டு முழங்காலும் ஒத்துழைக்கவில்லை.

"என்னங்க, நாளையிலேர்ந்து நான் ஆட்டோவுலயே போயிக்கிறேன். அதுல ஏறி இறங்கறது சுலபமா இருக்கு" என்றார் மனைவி. குறையாகச் சொல்லவில்லை. காருக்கு எதிராக அவர் இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகன் பேச்சும் கட்டண உயர்வும் அசைக்காத மனசை அந்த ஒரு வரி அசைத்துவிட்டது. யாருக்காக வாங்கினாரோ, அவருக்கே பயன்படாத கார் எதற்கு?

மறுநாள் பாலக்கரை மெக்கானிக்குக்கு போன் செய்தார். "ஆள் பாருப்பா. விலை முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. ஆனா, உடைச்சு பார்ட்ஸா விக்கிறவன் வேணாம். ஓட்டுறவனா இருக்கணும்."

"சரி சார்" என்றவர், சற்றுத் தயங்கிவிட்டு, "நானே எடுத்துக்கவா சார்?" என்று கேட்டார்.