மாலை கழகத்தின் கையில்

அரசகுமாரி மாலையைக் கையிலேந்தி வர, அரசிளங்குமரர் வரிசையாக வீற்றிருந்த சுயம்வரங்களை நாம் கதைகளிற் படித்திருக்கின்றோம். கனடா நாட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாத முடிவிலோ மே மாதத் தொடக்கத்திலோ அதனையொத்த வைபவம் ஒன்று நடைபெறுகின்றது. ஆங்கே மாலையேந்தி நிற்பவை ஒன்பது உதைபந்தாட்டக் கழகங்கள். காத்திருப்பவர்கள் சர்வகலாசாலைகளிற் பயிலும் இளைஞர்கள். 'டிராஃப்ட்' என்பது அதன் பெயர். வீரர் தெரிவு என நாம் சொல்லலாம். எட்டுச் சுற்றுக்களாக நடைபெறும் இத்தெரிவில் ஒரு கழகம் ஒருவனுடைய பெயரைச் சொல்லிவிட்டால், கனேடிய லீக்கில் அவனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அக்கழகத்துக்கே உரியதாகிவிடும். எந்த ஊருக்குப் போக உனக்கு விருப்பம் என்று அவனை எவரும் கேட்பதில்லை.

உதைபந்தாட்டம் என்றதும் நம் சிறுவர் மாலை வேளையில் ஆடும் ஆட்டத்தை நினைத்தல் கூடாது. இது றகர் ஆட்டத்தின் வழிவந்தது. பக்கத்துக்குப் பன்னிருவர்; பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே பெரும்பகுதி; மூன்று முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிட்டால் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தாரிடம் போய்விடும். காலுக்கு வேலை சொற்பமே. ஐக்கிய அமெரிக்காவின் ஆட்டம் இதற்கு நெருங்கிய இனம். ஆயின் அங்கே பக்கத்துக்குப் பதினொருவர், முயற்சிகள் நான்கு. பணமும் அங்கே பன்மடங்கு அதிகம்.

அந்த அயல்வீடுதான் இத்தெரிவுக்கு இத்துணை மதிப்பு வந்ததற்குக் காரணம். கனடாவைப் போல எட்டு மடங்குக்கு மேற்பட்ட சனத்தொகை கொண்ட அந்நாட்டின் சர்வகலாசாலைகள் ஆண்டுதோறும் எண்ணிறந்த ஆட்டக்காரரை உருவாக்குகின்றன. அவருட் சிலருக்கே சொந்த நாட்டு லீக்கில் இடங்கிடைக்கும். மிஞ்சியோர் வடக்கு நோக்குவர். கதவை அகலத் திறந்துவிட்டால், கனேடியக் கழகங்களிலே கனேடியனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை வந்துவிடும். ஆகவே, தாக்குதலிலும் தடுத்தலிலுமாக முதன்மையாகக் களமிறங்கும் 24 பேருள் குறைந்தது 7 பேர் கனேடியராக இருத்தல் வேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள்.

தகுதி ஒன்றே அளவுகோலாதல் வேண்டும், நாட்டுரிமையை நோக்குதல் கூடாது என்பாரும் உளர். அவ்வாதம் எனக்கு முழுவதும் உடன்பாடன்று. ஆடுவதற்கு இடமே இல்லை என்று தெரிந்தால், கனேடியச் சிறுவன் ஒருவன் பன்னிரண்டு வயதிற் பந்தை ஏன் எடுக்கப் போகிறான்? தகுதி என்பது வாய்ப்பிலே வளர்வதன்றோ?

விதியின் பயன் தெரிவிலே தெளிவாகத் தெரிகின்றது. பந்தை எறிபவனுக்கு அரணாக முன்வரிசையில் நின்று எதிரிகளைத் தடுக்கும் பேருடலருக்குக் கழகங்களிடையே பெரும் போட்டி. கனேடியரைக் கொண்டு நிரப்புவதற்கு வாய்ப்பான இடம் அது. 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலாவதாகக் கூப்பிடப்பட்டவர்கள் அத்தகைய தடுப்பாளரே. அவர்களுள் 2014இல் வந்தவர் கியூபெக் நகரத்து லவால் சர்வகலாசாலை மாணவர். அதன் பின்னர் 2025 வரையில் முதலிடம் பெற்ற அனைவரும் கனேடியராகக் கணிக்கப்பட்டோரேயாயினும் ஐக்கிய அமெரிக்காவிற் பயின்றவர்கள். உள்நாட்டுச் சர்வகலாசாலைகளின் பயிற்சியாளர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்க முடியாது.

தெரிவின் ஒழுங்கு எனக்குப் பிடித்தமானது. முந்திய ஆண்டிற் கடைசியாக வந்த கழகம் முதலிற் கூப்பிடும். கிண்ணத்தை வென்ற கழகம் இறுதியாகக் கூப்பிடும். எளியவனுக்கு முதற் பந்தி! கொள்ளை நோயால் 2020இல் ஆட்டங்களே நடைபெறாமற் போகவே, 2021இல் யார் வலியர், யார் எளியர் என்று சொல்ல வழியில்லை. நம் முன்னோர் குடவோலையிட்டது போலச் சீட்டெடுத்தார்கள். ஹமில்ரன் கழகத்துக்கு முதலிடம் விழுந்தது.

தெரிவுக்கு முன் மார்ச் மாதத்தில் ஒரு பரீட்சை உண்டு. 40 யார் தூரத்தை எத்தனை விநாடியில் ஓடுகின்றான், 225 இறாத்தல் பாரத்தை மல்லாந்து படுத்தபடி எத்தனை முறை தூக்குகின்றான், நின்ற நிலையில் எவ்வளவு உயரம் எழும்புகின்றான் என்று அளந்து குறிப்பார்கள். ஒருவனை ஒருவனோடு மோதவிட்டும் பார்ப்பார்கள். பின்னர் அறையில் இருத்திக் கேள்வி கேட்பார்கள். இருபது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்திவரும் எனக்கு இத்தகைய அளவைகளில் ஓரளவு நம்பிக்கையும் ஓரளவு ஐயமும் உண்டு. 2019இற் பதினான்காவதாகக் கூப்பிடப்பட்ட பிரேடி ஒலிவேரா, 2024இல் லீக் முழுவதிலும் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். அவருக்கு முன் பதின்மூன்று பெயர்கள் கூப்பிடப்பட்டிருந்தன. அதைவிட விபரீதமும் ஒருமுறை நடந்தது. 1996இல் மொன்றியல் கழகம் ஓர் இளைஞனின் பெயரைத் தெரிந்தெடுத்தது. அவனோ முந்திய டிசம்பர் மாதத்திலேயே நோயால் இறந்துவிட்டிருந்தான். ஏட்டிலே பெயரும் நிறையும் உயரமும் இருந்தன. உயிர் இருக்கின்றதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இவ்விஷயங்களில் எனக்கு ஈடுபாடு உண்டானது ரொறன்ரோவில் என் தமக்கையார் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தபோது. மருமகனின் சிநேகிதன் ஒருவன் பொறியியல் மாணவன், நாலாண்டு முடித்தவன், பட்டத்துக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. தெரிவு நாளிரவு மருமகன் என்னையும் அவன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். வாசற்கதவுக்கு அளவான ஆகிருதி கொண்ட அப்பையன், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைப் போலவே, தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தபடி இருந்தான். முதற்சுற்று, இரண்டாஞ்சுற்று, மூன்றாஞ்சுற்று எல்லாம் போயின. "மாமா, பேர் வராவிட்டாலும் பரவாயில்லை, தெரிவு முடிந்த பிறகும் கழகங்கள் ஆட்களைக் கூப்பிடும்" என்று மருமகன் என் காதிற் சொன்னான். எனக்குச் சொன்னானோ, தனக்குத்தான் சொல்லிக்கொண்டானோ, அறியேன். ஏழாஞ்சுற்றில் மேற்கே வெகு தொலைவிலுள்ள ஒரு கழகம் அவன் பெயரைச் சொல்லிற்று. வீடு அதிர்ந்தது. தந்தையார் மகனைக் கட்டிக்கொண்டார். தாயார் மட்டும் ஆரவாரம் அடங்கும்வரை பொறுத்திருந்து, "படிப்பு என்னாவது?" என்று கேட்டார்.

அந்த அம்மையார் எந்தச் சாதியார், எந்தச் சமயத்தவர் என நான் அறியேன். அக்கேள்வியைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்திலேயே இருப்பது போலிருந்தது.

அதற்கு நல்ல விடை இருக்கின்றது. கனேடியச் சர்வகலாசாலை மாணவன் ஐந்து பருவங்கள் வரை தன் கலாசாலைக்காக ஆடலாம். தெரிவோ பொதுவாக நான்காவது பருவத்தின் பின்னரே வருகின்றது. ஆகவே கூப்பிடப்பட்டவன் மே மாதத்திற் பயிற்சி முகாமுக்குப் போய்த் தன்னைக் காட்டிவிட்டு, மீண்டும் வகுப்புக்குத் திரும்பி எஞ்சிய ஆண்டை முடிக்கலாம்; அவன் மீதுள்ள உரிமையைக் கழகம் இழப்பதில்லை. நான் கண்ட பையனும் அவ்வாறே சென்று, அவ்வாறே திரும்பினான்.

கணக்கும் பந்தும் ஒரே தலையில் தங்கும் என்பதற்கு அந்நாட்டார் எடுத்துக்காட்டத்தக்க பெயர் ரஸ் ஜக்சன். மக்மாஸ்டர் சர்வகலாசாலையிற் கணிதம் பயின்று, றோட்ஸ் புலமைப்பரிசிலுக்கு முன்மொழியப்பட்டும் அதனை நாடாமல், 1958இல் தம்மைத் தெரிந்தெடுத்த ஒட்டாவாக் கழகத்திற் சேர்ந்தார். கழகத்துக்காக ஆடிய காலத்திலேயே பாடசாலையிற் கணிதமும் கற்பித்தார், பின்னர் அதிபரானார். 1960, 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் அவர் கழகம் கிண்ணத்தை வென்றது. தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் மும்முறை அவரைச் சேர்ந்தது.

நம் காலத்தவர் லோறன் டுவர்னே-ராடிவ். மொன்றியலில் மக்கில் சர்வகலாசாலையின் வைத்திய மாணவர். 2014இற் கல்கரிக் கழகம் அவரைப் பத்தொன்பதாவதாகக் கூப்பிட்டது. ஆனால், அதே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் சிற்றிக் கழகமும் தன் நாட்டுத் தெரிவில் அவரைக் கூப்பிட்டுவிட்டது. அவர் தெற்கே சென்றார். ஆட்டமில்லாத மாதங்களிற் படித்து 2018இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 2020 பெப்ரவரியில் அந்நாட்டின் பெருங்கிண்ணத்தையும் வென்றார். அவ்வாண்டு கொள்ளை நோய் பரவியபோது, அடுத்த பருவ ஆட்டத்தை விட்டு, மொன்றியலை அடுத்த முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் ஊழியஞ் செய்யப் போனார். தம்மைக் கூப்பிட்ட கல்கரிக் கழகத்துக்காக அவர் ஒருநாளும் ஆடவில்லை.