தக்காளிக்குக் குடை பிடித்த கதை

சித்திரை மாதத்து மத்தியானம் ஒன்றில் நான் தக்காளிச் செடிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜக் குடை, கம்பி ஒன்று முறிந்த பழைய கறுப்புக் குடை. இந்தக் கோலத்தைச் சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆயா கேட்ட கேள்வியில்தான் என் விவசாயப் படிப்பு தொடங்கியது.

வேலூரில் 14 வருடம் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டு, இந்தத் தை மாதம்தான் தரைத்தள வீட்டுக்கு வந்தோம். பின்பக்கம் 12 அடிக்கு 9 அடி மண் தரை. எங்கள் பக்கம் கொல்லை என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டு நிலம். இருந்தாலும் பெருமைக்கு, பார்ப்பவர்களிடமெல்லாம் அதைக் ‘கொல்லை’ என்றே சொல்லித் திரிந்தேன். மண்வெட்டி போட்டபோது முதலில் வந்தது செங்கல் துண்டு, பிறகு சிமெண்ட் கட்டி, பிறகு யாரோ தொலைத்த ஸ்பூன். மூன்று மூட்டை மாட்டு எரு கொட்டிக் கிளறி, பங்குனி முதல் வாரத்தில் ஒன்பது தக்காளி நாற்று நட்டேன். சமையலுக்குத் தினமும் தேவைப்படுவது தக்காளி, அதனால் தக்காளி. மாதம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. சித்திரை பிறந்ததும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பூக்கள் காம்போடு தரையில் கிடந்தன. மறுநாளும் அப்படியே. உரம் போதவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு யூரியா வைத்தேன். இலை இன்னும் தடித்தது. பூ இன்னும் உதிர்ந்தது.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால் செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். தாகம் என்று பதறி ஓடிப்போய் ஹோஸ் பைப்பைத் திருப்பினேன். காலையிலிருந்து வெயிலில் சுருண்டு கிடந்த பைப்புக்குள் இருந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. தக்காளி காய்க்கும் முன்பே ரசம் வைக்கப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். இரண்டு செடி அதில் வெந்தது. இன்னும் இரண்டு, நான் வேளைக்கு வேளை ஊற்றிய தண்ணீரில் வேர் அழுகிப் போயிற்று. அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே, வெயிலுக்குப் பயந்த என் கையாலேயே நாலு செடி செத்தது. மிச்சம் ஐந்துக்குத்தான் குடை.

“இன்னாப்பா, வெய்ய காலத்துல தக்காளி வெச்சிகினு அதுக்குக் குடை வேற புடிக்கிற?” என்றார் ஆயா. முப்பது வருடம் கீரைக்கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவர்.

“பூவெல்லாம் கொட்டுது ஆயா. என்ன மருந்து அடிக்கிறதுன்னு தெரியல.”

“மருந்து இன்னாத்துக்கு? ராவுல உனக்குத் தூக்கம் வருதா? புழுக்கத்துல நீயே பொரண்டு பொரண்டு படுக்கற. அது மட்டும் எப்டிப்பா காய் வெக்கும்?”

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. தக்காளியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கம். பகல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால், அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது. கருத்தரிக்காத பூவைச் செடி வைத்திருப்பதில்லை, உதிர்த்துவிடுகிறது. பகல் வெயிலுக்கு நான் குடை பிடித்தேன், சரி. ராத்திரிக்கு எதைப் பிடிப்பது? தண்ணீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு. அந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இருட்டிய பிறகுதான் திருப்பித் தருகின்றன. மே மாதத்தில் பல இரவுகள் 27 டிகிரிக்குக் கீழே வருவதில்லை.

என் வீட்டு ஒன்பது செடியின் கதை பெரிய நிலத்திலும் நடக்கிறது. பூ பழமாக ஏறத்தாழ ஒன்றரை மாதம் ஆகும். மே மாதம் உதிர்ந்த பூ, ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் சந்தைக்கு வராத பழம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை நியாயவிலைக் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கலாம். அதற்கு மழை, நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அன்று கடைக்காரரிடம் சண்டை போட்ட எனக்கு, விலை என்பது இரண்டு மாதத்துக்கு முன்பே ஏதோ ஒரு வயலில் சத்தமில்லாமல் தரையில் விழுந்துவிடுகிறது என்று இப்போதுதான் புரிகிறது.

“வெண்டை போடு, கொத்தவரை போடு. வெய்யிலுக்குன்னே பொறந்ததுங்க அதுங்க” என்று முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி விதை கொடுத்தார் ஆயா.

வெண்டை விதையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, மே முதல் வாரம், ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஊன்றினேன். கொத்தவரை இரண்டு வரிசை. ஐந்தாம் நாள் முளைத்தது. இந்த முறை குடை இல்லை, யூரியா இல்லை. மாசி பங்குனியில் ஆயா வீட்டு வேப்பமரம் எங்கள் பக்கம் கொட்டிய சருகைத் திட்டிக்கொண்டே பெருக்கி மூட்டை கட்டி வைத்திருந்தேன். அதையே செடிகளைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிய மூடாக்கு இதுதான். கையால் சருகை விலக்கித் தொட்டுப் பார்த்தால் உச்சி வெயிலிலும் அடியில் மண் குளிர்ந்து கிடக்கும். விடியற்காலையில் ஒருமுறை ஊற்றும் தண்ணீரே நாள் முழுக்கப் போதுமானதாக இருந்தது.

இலை தொங்குவதைப் படிக்கவும் கற்றுக்கொண்டேன். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை தண்ணீரை ஆவியாக்கும்போது செடி துவள்கிறது. சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்ளும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் நிஜமான தாகம். சந்தேகம் வந்தால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் போதும். மத்தியானத்து வாட்டத்தைப் பார்த்துப் பதறுவது, தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பசிக்கிறதா என்று கேட்பது மாதிரி.

ஜூன் இரண்டாம் வாரம் முதல் வெண்டைப் பூ விரிந்தது. செம்பருத்திக்கும் பருத்திக்கும் சொந்தக்காரி என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளிர் மஞ்சள் இதழ், நடுவில் ஒயின் நிறம். காலையில் விரிந்து சாயங்காலம் வாடியது. ஆனால் உதிர்ந்த இடத்தில் விரல் நுனியளவு பிஞ்சு நின்றது. அடுத்த வாரம் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தேன். இரண்டு நாள் அசந்தால் காய் முற்றி நாராகிவிடும், செடியும் அடுத்த பூவுக்குச் சோம்பல்படும்.

மாவட்டத்துக்குள்ளேயே இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதிலும் ஒரு நாற்று வாங்கி ஓரத்தில் வைத்தேன். பறிக்கப்போகும் கையைக் குத்துகிறது. கத்திரி வெயிலுக்கு அசையாமல் நின்ற செடிக்கு அந்த உரிமை இருக்கட்டும்.

கொத்தவரைதான் எங்களைத் திணறவைத்தது. பொரியல், கூட்டு, பருப்பு உசிலி என்று எல்லாம் முடிந்தும் கூடையில் மிச்சம் இருந்தது. ஆயாதான் வழி சொன்னார். உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, மோரில் ஊறவைத்து, மொட்டை மாடியில் துணி விரித்துக் காயவைத்தோம். கால் வைக்க முடியாத தரை அது. தக்காளிப் பூவை உதிர்த்த அதே சூடு நாலே நாளில் காயை மொறுமொறுவென்று ஆக்கிவிட்டது. வற்றல், வடகம், மோர் மிளகாய் என்று நம் வீடுகளில் கோடைக்கு ஒரு அறுவடை எப்போதும் இருந்திருக்கிறது. அதைச் செடியில் தேடியதுதான் என் பிழை.

புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: விதை வாங்கும் முன்பு காலண்டரைப் பாருங்கள், அதற்கு முன்பு பக்கத்து வீட்டில் வயதானவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

சமையலறை டப்பாவில் இப்போது கால் கிலோ கொத்தவரை வற்றல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு தக்காளி விதைப் பொட்டலம். ஆடி பிறந்த பிறகுதான் அதைப் பிரிப்பேன்.