உம்மையும் வாயிலும்

கணினி அறிவியற்றுறையினர்க்கே உரியதெனத் தமிழ் மாணவர் ஒதுங்கி நிற்றல் நமக்கு உடன்பாடன்று. நாற்பதைக் கடந்தபின் அதன் அடிப்படையைப் பயிலப் புகுந்த நமக்கு முதலில் எதிர்ப்பட்டது இலக்கணமே. ஜார்ஜ் பூல் 1854-இல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக்கினார். கிளாடு ஷானன் 1937-இல் அதனை மின்சுற்றுக்குப் பொருத்தினார். அவ்வழி வந்தவையே தருக்க வாயில்கள்.

'சாத்தனும் கொற்றனும் வந்தால்' என்னும் எண்ணும்மையே 'அண்ட்' வாயில்; இரண்டு உள்ளீடும் 1 ஆனாலன்றி வெளியீடு 1 ஆகாது. 'அல்லது' என்பதில்தான் சற்றுத் தயங்கி நின்றோம். நம் வழக்கில் அது பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே குறிக்கும். 'ஆர்' வாயிலோ இரண்டும் வரினும் ஏற்கும். ஒன்றை மட்டும் ஏற்பது 'எக்ஸார்'. அவ்வேறுபாட்டிலன்றோ கூட்டல் பிறக்கின்றது! 1-உம் 1-உம் கூட்டின் இரும எண்ணில் 10. அதன் 0-ஐ எக்ஸாரும், மேலிடம் ஏறும் 1-ஐ அண்டும் தருகின்றன. இதனைத் தாளில் வரைந்து கண்ட இரவு உறக்கம் வரவில்லை. 'நாண்ட்' என்னும் ஒரே வாயிலைக் கொண்டு ஏனைய யாவற்றையும் ஆக்கலாம்; அவற்றுள் இரண்டை, ஒன்றன் வெளியீடு மற்றதன் உள்ளீடாகப் பிணைத்தால் ஓரிலக்கத்தை நினைவில் இருத்தவும் செய்யும்.

எண்ணும்மை நடத்துகையில் கரும்பலகையின் ஓரத்தில் வாயிலொன்றும் வரைந்தோம். கடைசி வரிசை மாணவர் எழுந்து, "ஐயா, 'வெல்லினும் வெல்லும்' என்னும் ஐயவும்மைக்கு வாயில் உண்டா?" என்றார். 0, 1 என்னும் இரண்டனுள் அதற்குரிய வாயிலை நாம் இதுகாறும் கண்டிலோம்.