எஞ்சிய ஒன்று

அரிய வண்டி எத்துணை அரிதென்பது அதன் கதவுக் கண்ணாடி உடையும் நாளில்தான் நமக்குப் புலப்படுகிறது. வட அயர்லாந்தின் டன்மரி ஆலையில் 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 டெலோரியன் கார்களே உருவாயின. சிறகென மேலெழும் அதன் கதவுகளைத் திரைப்படத்தில் கண்டு வியந்திருக்கிறோம். வளைவு மிகுந்த அக்கண்ணாடி கதவுக்குள் இறங்காது. அதில் அமைந்த சிறு பலகணி மட்டுமே திறக்கும்.

பக்கக் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்துக் கடினமாக்குவர். பின்னர் அதை அறுக்கவோ துளையிடவோ முயன்றால் பொடியாய்ச் சிதறும். ஆகவே அளவு முன்னரே பிழையின்றி அமைய வேண்டும். அளவைத் தருவது மூல அச்சு; அஃதில்லையேல் உடையாத மற்றொரு கண்ணாடி.

டெலோரியன் ஆலை மூடப்பட்டபின், உடல் தகடுகளை வடித்த அச்சுகள் சில அயர்லாந்துக் கடலோரத்தில் மீன்வலைகளுக்கு நங்கூரமாயின. குளச்சல் கடலருகே வாழும் நமக்கு இச்செய்தி சிரிப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நம் உறவினரிடம் இருந்தது. அதன் வலக்கதவுக் கண்ணாடி உடைந்தபோது நாகர்கோவில் கடைக்காரர், "மத்த கதவுக் கண்ணாடிய கழத்திட்டு வாரும் சாரே, அதுல அளவு எடுக்கலாம்" என்றார்.

தமிழ் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. சிதைந்த சுவடியின் பாடத்தை உ.வே.சாமிநாதையர் வேறு படிகளோடு ஒப்பிட்டே மீட்டார். இரணியல் அரண்மனை நெடுங்காலம் பாழடைந்து கிடந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். உடைந்ததைச் செப்பனிடலாம், எஞ்சிய ஒன்றையும் பழையதென்று எறிந்துவிட்டால், பிறகு எதைப் பார்த்துச் செய்வது?