மே 31 பிற்பகல்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களைச் சுற்றியுள்ள பூக்கடைகளில் மே மாதத்தின் கடைசி நாளன்று மாலைக்குக் கிராக்கி அதிகம். அதற்குக் காரணம் பழைய பள்ளிக்கூடப் பதிவேடுகள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறந்த தேதி தெரியாத வீடுகளில் வாத்தியாரே மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துவிடுவார். அந்தப் பிள்ளைகள் எழுத்தராக, ஆசிரியராக, ஓட்டுநராக வேலைக்கு வந்து, வாத்தியார் போட்ட அதே தேதியால் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். எந்த நாளில் ஓய்வு வயது நிறைந்தாலும் அந்த மாதக் கடைசி நாள் பிற்பகலில்தான் ஓய்வு. ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தின மாதக் கடைசி நாள். ஆகவே ஜூன் 1-இல் பிறந்ததாகப் பதிவானவரும் மே 31-லேயே விடைபெறுகிறார்.

வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளர்வரை வந்த எனக்கு, பணி நிறைவு விழா நடத்துகிற பொறுப்பு எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. மண்டபம் பிடிப்பது, மடல் அச்சடிப்பது, யாரை முதலில் பேசச் சொல்வது, எல்லாம் என்னிடம்தான் வரும். இந்த வேலையை நான் விரும்பியே செய்கிறேன். முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரையின் கீழ் உழைத்தவருக்கு ஓர் அலுவலகம் செய்கிற கடைசிக் காரியம் இது. கல்யாணத்தில் ஒரு குறை நேர்ந்தால் வளைகாப்பில் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அந்த மனிதர் மறுநாள் காலை வரப்போவதில்லை.

அதனால் முதல் வேலை அவரிடம் கேட்பதுதான். கேட்காமலே செய்வதைத்தான் பலர் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். "சாருக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்று பேனர்வரை அடித்துவிடுவார்கள். சிலருக்கு மேடை பிடிக்கும், சிலருக்குக் கூசும். சிலர் அன்றைய தேதியிலேயே விழா வேண்டாம் என்பார்கள். விடுவிப்பு ஆணை கைக்கு வந்தபிறகு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதன் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் பணியிடை நீக்க உத்தரவு வந்து, கட்டிவைத்த மாலை வாடிப்போன கதைகள் எல்லாத் துறையிலும் உண்டு. அந்த வழக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அரசே பின்னர் சொல்ல வேண்டியிருந்தது. எனவே தேதியைத் தள்ளிவைக்கச் சொல்பவரிடம் ஏன் என்று நான் கேட்பதில்லை. சரி என்று சொல்லிவிட்டு அவர் சொல்கிற நாளைக் குறித்துக்கொள்கிறேன்.

விழாவைத் தவறவிட்டவர்களும் உண்டு. 2020 மே 7-ஆம் தேதி ஓய்வு வயது 58-இலிருந்து 59 ஆனது. அடுத்த பிப்ரவரியில் அதுவும் 60 ஆனது. 2020 மே 31-இல் போக வேண்டியவர்கள் 2021 மே 31-க்குத் தள்ளப்பட்டு, மறுபடியும் தள்ளப்பட்டு, கடைசியில் 2022 மே 31-இல்தான் போனார்கள். ஆனால் 2020 ஏப்ரல் 30-இல் ஓய்வு பெற்றவர்களுக்கு நீட்டிப்பும் இல்லை, ஊரடங்கில் விழாவும் இல்லை. எங்கள் துணை வட்டாட்சியர் ஒருவர் அன்று முகக்கவசத்தோடு வந்து, பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளில்லாத சாலையில் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். 2022-இல் மற்றவர்களுக்கு விழா எடுத்தபோது அவரையும் குடும்பத்தோடு அழைத்தோம். மேடையேறிய முதல் மாலை அவருக்குத்தான். அவர் மனைவி கீழே உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகு, இரண்டு வருஷத் தாமதத்தை யாரும் தாமதமாக நினைக்கவில்லை.

பண விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 14-ஆவது விதி இதைப் பற்றியது. முன் அனுமதியில்லாமல் பாராட்டு விழா ஏற்கக் கூடாது, ஆனால் ஓய்வின்போதும் மாறுதலின்போதும் தனிப்பட்ட முறையில், ஆடம்பரமில்லாமல் நடக்கிற உபசாரத்துக்குத் தடையில்லை என்கிறது. அதன் கீழே ஒரு குறிப்பும் இருக்கிறது. பிரிவு உபசாரத்துக்காக எந்த ஊழியரையும் நெருக்கிச் சந்தா கேட்கக் கூடாது. குரூப் சி, குரூப் டி ஊழியர்களிடம் வசூல் செய்து அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரிக்கு விருந்து வைக்கவே கூடாது. இதை எழுதியவர் ஏதோ ஓர் அலுவலகத்தில் வசூல் தாள் சுற்றிவந்ததை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அந்தத் தாள் எப்படிப்பட்டது என்று வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மேலே அலுவலர் ஆயிரம் என்று எழுதியிருப்பார். அடுத்தவர் ஆயிரம் எழுதுவார். தாள் அலுவலக உதவியாளர் கைக்கு வரும்போது அவர் ஐந்நூறு என்று எழுதக் கூசி, கடன் வாங்கியாவது ஆயிரம் எழுதுவார். எங்கள் பிரிவில் தாளே கிடையாது. ஓர் உறை சுற்றும். போட விரும்புகிறவர் விரும்பியதைப் போடலாம், பெயர் எழுத வேண்டாம். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்பது எனக்கும் தெரியாது. துப்புரவுப் பணியாளர்களிடம் அந்த உறை போவதில்லை. சாப்பாட்டுக்கு அவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வைக்கிறோம்.

பரிசைப் பொறுத்தவரை மோதிரம் வாங்குகிற வழக்கம் தங்கம் விற்கிற விலையில் பாதி நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பொன்னாடையைத்தான் இன்னும் குறைக்க முடியவில்லை. ஒரே மாலையில் பத்துப் பன்னிரண்டு சால்வை விழும். எல்லாமே வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பாலித்தீன் உறையோடு கிடக்கும். அவரை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும், உருப்படியான பொருள் எதுவென்று தெரிந்துவிடும். ஒருவருக்கு நல்ல மண்வெட்டியும் கடப்பாரையும் மருந்தடிக்கும் தெளிப்பானும் வாங்கிக் கொடுத்தோம். ஊருக்குப் போய் வயலைப் பார்க்கப் போகிறேன் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஒரு வருஷம் எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் இருவர் ஓய்வு பெற்றார்கள். ஒருவர் உயர் பொறுப்பில் இருந்தவர், மற்றவர் பதிவறை எழுத்தர். முதலாமவருக்கு மண்டபம், வாழ்த்து மடல், சங்க நிர்வாகிகள் என்று எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. பதிவறை அண்ணாச்சிக்கு மதியமே டீயும் மிக்சரும் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. உயர் அலுவலர் காதுக்கு அது போனதும், "ஒரே மேடை, ஒரே அளவு மாலை. இல்லேன்னா எனக்கும் டீயும் மிக்சரும் போதும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மேடையில் அண்ணாச்சியைப் பற்றிப் பேசியவர் ஒரு சர்வேயர். உழைப்பாளி, பண்பாளர், எளிமையானவர் என்று எந்தச் சொல்லும் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு கிராமத்தின் பழைய அ-பதிவேடு காணாமல்போய் ஒரு விதவையின் பட்டா இழுத்தடித்தபோது, அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை பதிவறையைத் திறந்து, தூசுக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பக்கத்துக் கிராமத்துக் கட்டுக்குள் தவறி இருந்த அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொடுத்ததைச் சொன்னார். எந்த அலமாரி, எந்தத் தட்டு, கட்டின் நாடா என்ன நிறம் என்பதுவரை சொன்னார். அண்ணாச்சியின் மகன் அன்றைக்குத்தான் தன் அப்பா என்ன வேலை செய்தார் என்று தெரிந்துகொண்டதாகப் பந்தியில் என்னிடம் சொன்னான்.

பேச வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். சொல்வதற்கு எதுவும் தெரியாது என்றால் கைகொடுத்து மாலை போட்டுவிட்டு இறங்கலாம், அதுவும் மரியாதைதான். சொல்லக் கூடாதவையும் உண்டு. கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஓர் அக்காவின் விழாவில், வாழ்த்த வந்த ஒருவர் அவர் கணவர் இறந்த நாளிலிருந்து தொடங்கினார். எத்தனை சின்ன வயது, கையில் எத்தனை குழந்தைகள் என்று விவரித்துக்கொண்டே போனார். நல்ல எண்ணத்தில்தான் பேசினார். ஆனால் அந்த அக்கா இருபத்தேழு வருஷமாக நிலுவை வைக்காமல் கோப்பு பார்த்தவர், பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கெல்லாம் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தவர். அதெல்லாம் பேச்சில் வரவேயில்லை. அவர் மடியில் இருந்த மாலையின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒருவர் எப்படி வேலைக்கு வந்தார் என்பதை அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். மேடையில் இன்னொருவர் எடுக்கிற பேச்சல்ல அது. துணையில்லாதவர்களின் விழாவில் இரட்டை நாற்காலி போடுவதும், தம்பதியை மாலை மாற்றச் சொல்லிக் கைதட்டுகிற அதே உற்சாகத்தில் அவர்களிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்பதும் வேண்டாம். அம்மா, அக்கா, தம்பி, தோழி, யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நாற்காலி போட்டால் முடிந்தது.

நிகழ்ச்சி நிரலில் ஏற்புரை கடைசியில் வருவது பெரிய அநியாயம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, இன்னும் சில வாழ்த்துரை என்று போய் அவர் மைக்கைப் பிடிக்கும்போது பாதிப் பேர் கடைசி டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். எஞ்சியவர்கள் இலை போட்டாயிற்றா என்று வாசலைப் பார்ப்பார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு பேச எழுந்தவர், நேரமாகிவிட்டது என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நான் போடும் நிரலில் ஏற்புரை மூன்றாவது. வரவேற்பு, ஒரே ஒரு வாழ்த்துரை, பிறகு அவர். மற்றவர்கள் அவர் பேசிய பிறகு பேசட்டும். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேசுவதால் அந்த வாழ்த்துரைகளும் நன்றாக அமைகின்றன. சங்கத் தலைவர்கள் சிலருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. இப்போது பழகிவிட்டது.

அலுவலக வளாகத்திலேயே விழா நடந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அலுவலகம் மாலை 5.45 வரை. மூன்று மணிக்கே எல்லோரும் கூட்ட அரங்குக்குப் போய்விட்டால், வருமானச் சான்றுக்காகக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் காலி மேசைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சிலரை முறைவைத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டுத்தான் விழாவைத் தொடங்க வேண்டும். வந்தவருக்கும் ஒரு லட்டு கொடுக்கலாம்.

விழா முடிந்ததும் ஓய்வு பெற்றவரை ஜீப்பில் ஏற்றி, பின்னால் பத்து வண்டிகளோடு வீட்டில் கொண்டுபோய் விடுகிற வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கும். வீட்டில் ஆரத்தி எடுப்பார்கள். ஆனால் திடீரென்று நாற்பது பேர் உள்ளே நுழைந்தால் அந்த வீட்டுப் பெண்கள் அடுப்படியை விட்டு வெளியே வர முடியாது. அவர்களுக்கும் அது ஒரு நாள்தானே. காபியும் பலகாரமும் நாமே கொண்டுபோக வேண்டும், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். "செட்டில்மெண்ட் எவ்வளவு வந்துச்சு?" என்று கூடத்தில் நின்றுகொண்டு கேட்கக் கூடாது. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள். அவர்களிடம் இந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்று கேட்பவருக்கே தெரியும். மகளுக்கு எப்போது கல்யாணம் என்பதும், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதும் அன்றைக்கு வேண்டாத கேள்விகள்தான். ஏதாவது ஒன்றைச் சொல்லி அவர் சமாளிக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது ஓய்வூதியக் கருத்துருவைத்தான். மேடையில் கண்கலங்கப் பேசிய அதே அலுவலகத்தின் வாசலில், மூன்று மாதம் கழித்து அவர் பணிப்பதிவேட்டில் ஒரு விடுப்புப் பதிவு சரிபார்க்கப்படவில்லை என்று வந்து நிற்பார். நேற்றுவரை அவரைக் கண்டதும் எழுந்தவர்கள் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல் பதில் சொல்வார்கள். ரயில்வேயில் ஓய்வு பெறும் நாளிலேயே நிலுவைகளை முடித்து, ஓய்வூதிய ஆணையைக் கையில் கொடுத்து அனுப்புகிற நடைமுறை உண்டு. அதைவிடச் சிறந்த பொன்னாடை இருக்க முடியாது. எங்கள் பிரிவில் ஒருவருக்கு ஓய்வு நெருங்குகிறது என்றால், மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய பணிப்பதிவேட்டை என் மேசைக்கு எடுத்துவரச் சொல்கிறேன். ஈட்டிய விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம், கணவன் மனைவி சேர்ந்திருக்கும் புகைப்படம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன்.

வரும் மே மாதம் எங்கள் ஜீப் ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "மேடம், மேடையெல்லாம் வேண்டாம். எல்லாரும் மதியம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டாப் போதும். அப்புறம் அன்னைக்கு ஜீப்பை வேற யாராச்சும் ஓட்டட்டும், நான் பின்னால வீட்டம்மாவோட உட்கார்ந்து வரணும்" என்றார். சமையலுக்குச் சொல்லியாயிற்று. ஜீப்பைப் பக்கத்து அலுவலக ஓட்டுநர் ஓட்டுகிறார். கருத்துரு தேனாம்பேட்டைக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்புகைச் சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன்.