கைப்பையோடு கடல் தாண்டினேன்!

வெளியூர்ப் பயணம் என்றாலே நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது பெட்டிதானே? இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு பெட்டி, ஒரு பை, தண்ணீர்க் கூஜா, வழிக்குப் புளியோதரை என்று கட்டிக்கொண்டு கிளம்புகிற ரகம் நாம். அப்படிப்பட்ட நான் அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு, அதுவும் தங்கையின் தலைப்பிரசவத்துக்கு, தோளில் மாட்டும் ஒரே ஒரு பையோடு போய் வந்தேன் என்றால் நம்புவீர்களா?

இது நடந்தது 1992-ல். அப்போது நாங்கள் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் அரை நாள் வேலை பார்த்துக் கொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்து, பால் வாங்கி, மீதி நாட்களை எண்ணிக் கொண்டிருந்தோம்.

ஒரு ராத்திரி சிங்கப்பூரிலிருந்து தங்கை போன் பண்ணினாள். இரண்டு நிமிஷம்தான் பேசினாள். "அக்கா, உன்னை வான்னு சொல்ல வாய் வரலை. ஆனா அம்மா இருந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டாள். அம்மா போய் இரண்டு வருஷம். மாப்பிள்ளையின் தாயாரோ ஊரில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண் துணை கிடையாது.

விசாரித்துப் பார்த்ததில் போக வர டிக்கெட் ஆயிரத்து நூறு டாலர் என்றார்கள். கையிலோ அறுநூறு கூட இல்லை. வளையலை விற்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அடுத்த வீட்டில் பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் அம்மா ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டவர், "நீ ஏன் கூரியராகப் போகக் கூடாது? நான் ஹாங்காங்குக்கு இரண்டு தடவை அப்படித்தான் போனேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் பயணப் பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்த ஒரு விளம்பரத்தையும் காட்டினார்.

சங்கதி இதுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் கடிதம் அனுப்பும் பழக்கம் இன்னும் பரவவில்லை. பாங்க் காகிதம், ஒப்பந்தம், கட்டட வரைபடம் எல்லாம் கடல் தாண்டி மறுநாளோ அதற்கு மறுநாளோ கைக்குப் போய்ச் சேர வேண்டும். சரக்காக அனுப்பினால் சுங்கத்தில் வரிசையில் கிடக்கும். ஒரு பயணியின் பெட்டியாகப் போனால், விமானம் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே கூரியர் கம்பெனிகள் ஒரு டிக்கெட் வாங்கி, அதில் ஒரு பயணியை உட்கார வைத்து, அவருக்கு உரிய பெட்டிக் கணக்கில் தங்கள் மூட்டைகளை ஏற்றின. அந்த டிக்கெட்டில் ஒரு பகுதியை மட்டும் பயணியிடம் வாங்கிக் கொண்டன. பயணிக்கு மிஞ்சுவது கைப்பை மட்டும். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற டிஎச்எல் கம்பெனியும் 1969-ல் இப்படித்தான் ஆரம்பித்ததாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹோனலூலுவுக்குக் கப்பல் வந்து சேருவதற்கு முன்பே, சரக்குக் காகிதங்களை விமானத்தில் கையோடு கொண்டு போய்க் கொடுத்தார்கள்.

எனக்குச் சொன்ன விலை, போக வர 450 டாலர்! ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒரு விமானத்துக்கு ஒரே ஆள்தான், ஜோடியாகப் போக முடியாது. வழியில் மது அருந்தக் கூடாது (நமக்கு அது ஒரு கஷ்டமா!). கண்ணியமாக உடுத்த வேண்டும். "புடவை கட்டலாமா?" என்று கேட்டேன். "சுத்தமாக இருந்தால் சரி" என்றார் போனில் பேசிய பெண். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பதினாலாவது நாள் ராத்திரி கட்டாயம் திரும்ப வேண்டும். தேதி மாறினால் டிக்கெட் போச்சு.

டாக்டர் சொன்ன நாளோ நான் போய்ச் சேரும் ஐந்தாவது நாள். கணக்குச் சரியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன். குழந்தைக்குக் கணக்குத் தெரியுமா என்று நான் யோசிக்கவில்லை!

என் கணவர் சம்மதிக்கவில்லை. "யாரோ கட்டின மூட்டையை உன் பேர்ல ஏத்தறதா? உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். 1985 ஜூனில் அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்ததை அவர் மறக்கவில்லை. அதில் பெட்டி ஏறியது, பெட்டிக்கு உரியவன் ஏறவில்லை. நானும் மறக்கவில்லைதான். மூன்று நாள் வீட்டில் பேச்சே இல்லை. நாலாம் நாள் அவரே அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூட்டை கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "போயிட்டு வா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு வந்தது பை கட்டும் படலம். பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, கண்டந்திப்பிலி, ஓமம், குழந்தைக்குச் சட்டை, தங்கைக்குப் பிடித்த தட்டை... எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தால் இரண்டு பெட்டி கொள்ளும். எடுப்பதும் வைப்பதுமாக ஒரு ராத்திரி போயிற்று. என் மாற்றுத் துணி நாலையும் மடித்து வைத்த பிறகு ஒரு சாண் இடம்தான் மிச்சம். அதில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை வைத்தேன். துவைத்துத் துவைத்து மல்லிகைப் பூ மாதிரி மெத்தென்று ஆகிவிட்ட புடவை. சின்னவள் பிறந்தபோது அம்மா கொண்டு வந்து தூளி கட்டியது அதில்தான். லேகியம் வேண்டுமானால் எங்கேயாவது கிளறிக் கொள்ளலாம், இது கிடைக்குமா?

விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்லியிருந்தார்கள். கம்பெனிப் பையன் ஒருவன் ஒரு பெரிய உறையோடு காத்திருந்தான். உள்ளே டிக்கெட், மூட்டைகளின் பட்டியல், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம். தோசைக்கு மாவு கட்டுகிற கோணி மாதிரி ஆறு பெரிய கித்தான் மூட்டைகள் வண்டியில் இருந்தன. சீல் வைக்காத ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். அவன் சிரித்துக் கொண்டே திறந்தான். உள்ளே உறைகள், உறைகள், உறைகள்! ஒவ்வொன்றின் எண்ணும் பட்டியலில் இருந்தது. மற்ற ஐந்தையும் திறக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கப்பட்டேன் என்று வழி நெடுக என்னையே திட்டிக் கொண்டேன்.

ஹாங்காங்கில் விமானம் ஒரு மணி நேரம் நின்றது. அப்போதிருந்த பழைய கை டாக் விமான நிலையம் ஊருக்கு நடுவே இருந்தது. இறங்கும்போது மாடி வீடுகளில் காயப்போட்ட துணி ஜன்னல் வழியே தெரிந்தது. யார் வீட்டுக் குழந்தைச் சட்டையோ, வரிசையாகக் கொடியில் ஆடின.

சிங்கப்பூர் நெருங்கும்போது ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். பெயர், முகவரி எழுதித் திருப்பினால், பின்னால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: போதைப்பொருள் கடத்துவோருக்குச் சிங்கப்பூர் சட்டப்படி மரண தண்டனை. 1975-லிருந்தே அங்கே அந்தச் சட்டம். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. பதினைந்து கிராம் என்றால் என்ன? நம் வீட்டில் ரசத்துக்குப் போடும் மிளகு, சீரகம் அளவு! எனக்குக் கீழே விமானத்தின் வயிற்றில் என் பெயர் ஒட்டிய ஆறு மூட்டைகள். வீட்டில் ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு பிள்ளைகள். அட்டையில் கையெழுத்துப் போடும்போது என் விரல் நடுங்கியது.

சாங்கி விமான நிலையத்தில் மூட்டைகள் வந்துவிட்டன. வாங்கிக் கொள்ள வேண்டிய ஆளைக் காணோம். பத்து நிமிஷம், இருபது, நாற்பது நிமிஷம். என்னோடு வந்தவர்களெல்லாம் பெட்டியை எடுத்துக் கொண்டு போய்விட்டார்கள். புடவையும் கைப்பையுமாக, ஆறு கோணிக்கு நடுவில் நான் மட்டும் நிற்கிறேன். ஒரு சுங்க அதிகாரி நேரே என்னைப் பார்த்து நடந்து வந்தார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"எங்கேருந்து வர்றீங்கம்மா?" என்று தமிழில் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தையில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உறையை அப்படியே அவரிடம் நீட்டினேன். பட்டியலைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பயப்படாதீங்க. இந்த மூட்டைங்க தினமும் வருது. ஆள்தான் தினமும் வேற வேற. உட்காருங்க, வந்துடுவாங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். இன்னும் கால் மணியில் கம்பெனி ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், வேலை முடிந்தது. மொத்த வேலையே அவ்வளவுதான்!

இதைப் படித்துவிட்டு, "நாமும் போகலாமே" என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். இ-மெயில் வந்தது, பெரிய கூரியர் கம்பெனிகள் சொந்த விமானமே விட்டன, 2001 செப்டம்பருக்குப் பிறகு பாதுகாப்பு இறுகியது. அந்த மலிவு டிக்கெட்டெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது அவசரமாக இயந்திர உதிரிப் பாகம் கொண்டு போக அதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு வேண்டிய ஸ்டெம் செல்லை, குளிர்ப் பெட்டியில் வைத்துக் கையோடு கொண்டு போய்ச் சேர்க்கும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் இருக்கிறார்கள். இன்று முன்பின் தெரியாத ஒருவர், "டிக்கெட் என் செலவு, இந்தப் பையை மட்டும் அங்கே கொடுத்துடுங்க" என்றால் அது வேறு விஷயம். அப்படி ஏமாந்து வெளிநாட்டுச் சிறையில் இருக்கும் பெண்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் ஊறுகாய் ஜாடியானாலும், நீங்களே திறந்து பார்த்து, நீங்களே கட்டாத எதையும் வாங்காதீர்கள். முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

தங்கை வீடு தோ பாயோவில், அடுக்கு மாடியில். மறுநாளே என்னை சிராங்கூன் ரோட்டுக்கும் தேக்கா மார்க்கெட்டுக்கும் கூட்டிக் கொண்டு போனாள். அங்கே பார்த்தால், நான் கட்டிலில் பரப்பி வைத்து ஏங்கின அத்தனையும் குவிந்து கிடக்கிறது! சுக்கு, திப்பிலி, பூண்டு, கருகமணி, வசம்பு, முருங்கைக்கீரைகூட. "இதுக்கா ராத்திரி பூரா முழிச்சே?" என்று வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரித்தாள். லேகியம் கிளறி ஜாடியில் வைத்தேன். பத்தியச் சமையல் எப்படி என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், நோட்டுப் புத்தகத்தில் அளவோடு எழுதிக் கொண்டார்.

ஐந்தாம் நாள் வந்தது, போயிற்று. ஏழாம் நாள், எட்டாம் நாள். தங்கை மெல்ல மெல்ல நடந்தாள். நான் காலண்டரைப் பார்ப்பதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று சமையலறையில் போய்ப் பார்த்துக் கொள்வேன். "தேதியை மாத்த முடியாதாக்கா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். போன் பண்ணிக் கேட்டேன், முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் திரும்பும் விமானத்துக்கும் மூட்டைகள் காத்திருக்கின்றன. புது டிக்கெட் வாங்க எங்களிடம் பணமும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் வலி எடுத்தது. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி, கேகே என்று சொல்வார்கள். 1966-ல் ஒரே வருஷத்தில் 39,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்து உலக சாதனை செய்த இடம். அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். குழந்தையைக் கையில் வாங்கினபோது அம்மாவின் நெற்றி அப்படியே தெரிந்தது.

பதினாலாம் நாள் காலையில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்று ராத்திரி எனக்கு விமானம். தூளி கட்டலாம் என்றால் அந்த வீட்டுக் கூரையில் ஒரு கொக்கி கிடையாது. அங்கெல்லாம் இரும்புச் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டி, அதில் கைலித் துணியைத் தொங்கவிட்டுக் குழந்தையைப் போடுகிறார்கள். மாப்பிள்ளை ஓடிப் போய் ஒன்று வாங்கி வந்தார். "பதினொண்ணாம் நாள் புண்ணியாகவாசனம் ஆகாம தூளில போடலாமா?" என்று எதிர் வீட்டுப் பாட்டி தயங்கினார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "நான் இருக்கப் போறது இன்னும் ஆறு மணி நேரம் பாட்டி" என்றேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் புடவையின் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டார். அம்மாவின் சுங்குடியை இரண்டாக மடித்து முடிச்சுப் போட்டேன். ஸ்பிரிங் ஆடின ஆட்டத்தில் குழந்தை இரண்டே நிமிஷத்தில் தூங்கிவிட்டது.

ராத்திரி சாங்கியில் கம்பெனி ஆள் உறையோடு நின்றார். இந்தத் தடவை சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். "இன்னைக்கு ரெண்டே மூட்டைதான், லேசு. உங்க பெட்டி ஏதாவது இருந்தா அதையும் போட்டுக்கலாமே?" என்றார்.

பெட்டி இல்லை என்றேன். தோள் பை மட்டும்தான் இருந்தது. அதிலும் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது.